'எழுந்து நில்' என்று இனிச் சொல்ல மாட்டேன்

விடியற்காலை மூன்றரை மணிக்கு விழித்துக்கொண்டு, சுற்றுகிற மின்விசிறியையே பார்த்தபடி கிடக்கிறாயே, உன்னோடுதான் பேச வந்திருக்கிறேன். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். உனக்கு மட்டும் தூக்கம் கலைந்துவிட்டது. புரண்டு படுத்தாலும் இனி வராது. இது இன்று நேற்று நடப்பதல்ல என்பதால் அதுவும் உனக்குத் தெரியும். விடிந்தால் பல் துலக்க வேண்டும், குளிக்க வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும், நாலு பேரிடம் முகம் கொடுத்துப் பேச வேண்டும். முன்பெல்லாம் யோசிக்காமல் செய்த இந்த வேலைகள் ஒவ்வொன்றும் இப்போது மலையாக நிற்கின்றன. 'எனக்கு என்னதான் ஆச்சு?' என்று கேட்டுக்கொள்கிறாய். கேட்ட வாயால் பதிலும் சொல்லிக்கொள்கிறாய்: 'நான் சோம்பேறி. நான் கோழை. எனக்குத் தன்னம்பிக்கை இல்லை.'

நிறுத்து! அந்தப் பதில் பொய். அந்தப் பொய்யை உனக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பல ஆண்டுகளாக மேடை மேடையாக ஏறி 'எழுந்து நில், முடியும் என்று சொல், முடியும்' என்று முழங்கியவன் நான். ஒரு சிறு நகரத்துக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் முடிந்து இறங்கியபோது ஓர் இளைஞன் என்னை ஓரமாக அழைத்தான். ஹார்டுவேர் கடையில் வேலை. மெல்லிய குரலில் சொன்னான்: "சார், உங்க புத்தகம் ரெண்டு வாங்கிப் படிச்சேன். காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்கச் சொல்லியிருந்தீங்க. நான் மூணு மணிக்கே முழிச்சிடுறேன் சார். ஆனா எந்திரிக்கத்தான் முடியல." நான் அவன் தோளைத் தட்டினேன். "மனசு வெச்சா முடியாதது என்ன இருக்கு தம்பி?" என்றேன். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

எட்டு மாதம் கழித்து அவனுடைய அக்கா போன் செய்தார். "தம்பி இப்போ பரவாயில்லங்க. பெரியாஸ்பத்திரியில காட்டினோம். மாத்திரை ஆரம்பிச்சு ஆறாவது வாரம் அவனா ஷேவ் பண்ணிக்கிட்டு கடைக்குப் போயிட்டான்." அவர் குரலில் கோபமே இல்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்க கூட்டத்துல இதையும் கொஞ்சம் சொல்லுங்க சார். உங்களை நம்பி நிறைய பேர் வர்றாங்க."

அன்றைக்கு நான் அவனுக்குச் செய்தது என்ன என்று இப்போது தெரிகிறது. கால் முறிந்தவனிடம் ஓடச் சொன்னேன். ஓட முடியவில்லை என்றதும் உனக்கு வீரம் போதாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

உலக சுகாதார நிறுவனம் 1992இல் வெளியிட்ட பத்தாவது நோய் வகைப்பாட்டைப் புரட்டிப் பார். மனச்சோர்வு என்ற நோயின் அறிகுறிகளை வரிசைப்படுத்தும் இடத்தில், தூக்கக் குறைவோடும் பசிக் குறைவோடும் சேர்த்து இன்னொன்றும் இருக்கிறது: சுயமதிப்பும் தன்னம்பிக்கையும் குறைந்துபோவது. உன்னிடம் இல்லை என்று நீ அழுகிறாயே, அந்தத் தன்னம்பிக்கையின் இழப்பு அந்த நோயின் ஓர் அறிகுறி! காய்ச்சல்காரனுக்கு உடம்பு சுடுவதைப் போல. உடம்பு சுடுகிறதே என்று காய்ச்சல்காரனை யாரும் திட்டுவதில்லை. உன்னை மட்டும் ஏன் ஊரும் திட்டுகிறது, நீயும் திட்டிக்கொள்கிறாய்?

ஆகவே முதலில் நோயைத் தெரிந்துகொள். பெயர் தெரியாத எதிரியோடு யாரும் மோத முடியாது.

துக்கம் வேறு, மனச்சோர்வு வேறு. வேலை போனால், காதல் முறிந்தால், வீட்டில் ஒரு சாவு விழுந்தால் மனம் அழத்தான் செய்யும். அழ வேண்டும். அதற்கு மாத்திரை வேண்டாம். மனச்சோர்வு நோயைக் கண்டறிய மருத்துவர்கள் பரவலாகப் பார்க்கும் அறிகுறிகள் ஒன்பது. நாள் முழுக்க மனம் இருண்டு கிடப்பது. முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போவது. பசி, எடை மாறுவது. தூக்கம் கெடுவது அல்லது தூங்கிக்கொண்டே இருப்பது. மற்றவர் கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு உடலசைவு மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது. அசதி. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணமும் காரணமற்ற குற்றவுணர்வும். கவனம் நிற்காமை. செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு. இவற்றில் குறைந்தது ஐந்து அறிகுறிகள், இரண்டு வாரத்துக்குக் குறையாமல், கிட்டத்தட்ட தினமும், நாளின் பெரும்பகுதியும் இருக்க வேண்டும். முதல் இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கையும் அதனால் குலைந்திருக்க வேண்டும். இரண்டு வாரம் என்ற அந்தக் கணக்கை மனதில் குறித்துக்கொள்.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'மனசு சரியில்லை' என்று சொல்லிக்கொண்டு இங்கே யாரும் மருத்துவமனைக்குப் போவதில்லை. தலையில் யாரோ கல்லை ஏற்றி வைத்த மாதிரி பாரம், கை கால் குடைச்சல், நெஞ்செரிச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்டது மாதிரி வலி என்றுதான் போகிறார்கள். வலி நிஜம். நடிப்பில்லை. மனச்சோர்வு உடம்பின் வழியாகத்தான் நம் மக்களிடம் பெரும்பாலும் பேசுகிறது. டாக்டர் சத்து ஊசி போடுகிறார். அடுத்த மாதம் வேறு டாக்டர், வேறு ஸ்கேன். 'எல்லாம் நார்மல்' என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டில், "ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க, சும்மா நடிக்கிறா" என்கிறார்கள். எத்தனை அம்மாக்கள், எத்தனை வருடங்கள் இப்படி! அவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. ரிப்போர்ட் நார்மல் என்றால் நோயே இல்லை என்று பொருளாகாது. தேட வேண்டிய இடம் வேறு என்று அர்த்தம்.

பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்று போற்றுகிற சமூகம் நம்முடையது. பத்தியச் சாப்பாடு உண்டு, காதுக்குப் பஞ்சு உண்டு, தலைக்குச் சாம்பிராணிப் புகை உண்டு. அவள் மனத்துக்கு என்ன உண்டு? பிரசவமான முதல் சில நாட்கள் காரணமில்லாமல் கண்ணீர் வருவது இயல்பு, தானே சரியாகிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் அவள் அழுதுகொண்டிருந்தால், குழந்தையைப் பார்த்தாலே வெறுமையாக இருக்கிறது என்றால், அது நோய். 'பெத்த பிள்ளை மேலேயே பாசமில்லாதவள்' என்று பேசும் வாயை மூடிவிட்டு அவளை மருத்துவரிடம் அழைத்துப் போ.

இன்னொருவனைப் பார். ராத்திரி பத்து மணி. திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது, கை மரத்துப் போகிறது, உடம்பு தெப்பமாக வியர்க்கிறது. செத்துவிடுவேன் என்று அலறுகிறான். ஆட்டோ பிடித்து ஓடுகிறார்கள். ஈசிஜி எடுக்கிறார்கள். சரியாக இருக்கிறது. கேஸ் டிரபிள் என்று மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். அடுத்த வாரம் மறுபடியும் அதே ஆட்டோ, அதே ஈசிஜி. பேனிக் அட்டாக் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். புலி துரத்தும்போது உடம்பு போடுகிற அபாயச் சங்கு, புலியே இல்லாதபோது ஊதிவிடுகிறது. சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தானே இறங்கும். அதனால் மட்டும் உயிர் போகாது. முதல் தடவை நெஞ்சு வலி என்றால் இதயத்தைப் பரிசோதிப்பதுதான் சரி, அதில் எனக்கு மறுப்பில்லை. இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் ஏழாவது ஈசிஜிக்கு ஓடாதே. மனநல மருத்துவரிடம் போ. குணமாகிற தொல்லைகளில் இது முன்வரிசையில் நிற்பது.

'எது நடக்குமோ' என்ற கவலை பெரும்பாலான நாட்களில் ஆறு மாதத்துக்கு மேல் விடாமல் அரித்தால் அது பொதுப் பதற்றக் கோளாறு. கேஸ் சிலிண்டரை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதும், கை சிவந்து தோல் உரியும்வரை கழுவுவதும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றால் அது ஓசிடி. 'சுத்தக்காரி' என்று ஊர் மெச்சிக்கொண்டிருக்கும். அவள் உள்ளே வெந்துகொண்டிருப்பாள். சாமி படத்தின் முன் நிற்கும்போது அசிங்கமான எண்ணம் வருகிறதே, நான் பாவியோ என்று யாரிடமும் சொல்லாமல் புழுங்குகிறவர்களும் இந்த நோய்க்காரர்கள்தான். நீ பாவி இல்லை. வேண்டாத எண்ணம் வேண்டாமலே வந்து மோதுவதற்கு மருத்துவத்தில் பெயரும் இருக்கிறது, வைத்தியமும் இருக்கிறது.

இப்போது தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் யாரும் மேடையில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தன்னம்பிக்கை குறைவது அறிகுறி என்றேன். தன்னம்பிக்கை கரைபுரண்டு ஓடுவதும் ஓர் அறிகுறிதான். ஒருவன் நாலைந்து நாளாகத் தூங்கவில்லை, ஆனால் அசதியே இல்லை. பேச்சு அருவியாகக் கொட்டுகிறது. ஒரே நாளில் மூன்று தொழில் தொடங்குகிறான். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கிறான். 'நான் யார் தெரியுமா?' என்கிறான். பார்ப்பவர்கள், 'என்ன ஒரு எனர்ஜி!' என்று வியக்கிறார்கள். ஒரு வாரம் இப்படியே நீடித்தால் அது மேனியா. அதே மனிதன் சில மாதங்களில் படுக்கையை விட்டு எழ முடியாத பள்ளத்தில் விழுவான். ஏற்றமும் இறக்கமுமாக வருகிற இந்த நோய்க்கு பைபோலார் என்று பெயர். பள்ளத்தில் கிடக்கும்போது மட்டும் பார்த்தால் சாதாரண மனச்சோர்வு போலவே தெரியும். அதற்கான மருந்தை மட்டும் கொடுத்தால் மறுபடி மேனியாவில் தூக்கி எறியும் ஆபத்து உண்டு. அதனால்தான் நல்ல மருத்துவர், "இதுக்கு முன்னாடி எப்பவாவது தூக்கமே இல்லாம ரொம்ப உற்சாகமா இருந்தாரா?" என்று உன் வீட்டாரைத் துருவித் துருவிக் கேட்கிறார். மறைக்காமல் சொல். ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் 1949இல் உலகுக்குக் காட்டிய லித்தியம் என்கிற உப்பு, ரத்தப் பரிசோதனையோடு அளவாகக் கொடுக்கப்பட்டு, இன்றுவரை இந்த நோய்க்காரர்களை நிமிர்ந்து நடக்க வைத்துக்கொண்டிருக்கிறது.

யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்பது, சோற்றில் விஷம் வைத்துவிட்டார்கள் என்று நம்புவது, டிவியில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது, குளிக்காமல் பேசாமல் அறைக்குள் ஒடுங்குவது: இது மனச்சிதைவு. இங்கேதான் நம் சமூகம் மிகப் பெரிய பாவத்தைச் செய்தது. 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. தீயிலிருந்து ஓட முடியவில்லை. காலில் சங்கிலி. 28 உயிர்கள் போயின. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் எதிரிகள் இல்லை. பெற்ற தாய் தகப்பன்தான், உடன்பிறந்தவர்கள்தான். பேய் என்றும் செய்வினை என்றும் நம்பியதும், பக்கத்தில் மருத்துவம் இல்லாததும் சேர்ந்து அந்தச் சங்கிலியைப் பூட்டின. இன்று அதே ஏர்வாடியில் துவாவோடு தவாவும் கிடைக்கிறது. பிரார்த்தனை ஒருபக்கம், அரசு மனநல மருத்துவர் தருகிற மாத்திரை ஒருபக்கம். கும்பிடுவதை யாரும் விடச் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு மாத்திரையும் போடு.

'கீழ்ப்பாக்கம்' என்று ஒருவனைக் கேலி செய்கிறாயே, அந்த இடத்தின் கதை உனக்குத் தெரியுமா? 1794இல் சென்னையில் தொடங்கிய காப்பகம் பின்னால் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கைவிடப்பட்டவர்களை வாங்கிக்கொண்ட இடம் அது. அந்த மருத்துவமனைக்குக் கண்காணிப்பாளராக வந்த முதல் பெண் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் அவர். ஆணுக்கே அஞ்சத்தக்க வேலை என்று ஊர் நினைத்த காலத்தில் அந்த வார்டுகளுக்குள் நடந்தார். புறநோயாளிப் பிரிவு கண்டார். குணமானவர்கள் வேலை செய்து வாழ வழி தேடினார். ஓய்வு பெற்ற பிறகும் ஓயாமல் 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். 2021இல் 98 வயதில் மறைந்தார். அப்படிப்பட்ட மனுஷி உழைத்த இடத்தின் பெயரை வசவாக்கி வைத்திருக்கிறோம். இனி உன் வாயில் அந்தக் கேலி வர வேண்டாம். உன் எதிரில் இன்னொருவன் சொன்னாலும் சிரிக்காதே.

"அதெல்லாம் சரி சார், மனநோயை எப்படிக் கண்டுபிடிப்பாங்க? ஸ்கேன்ல தெரியுமா?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் தெரியாது. மனநல மருத்துவத்தில் பேச்சுதான் பரிசோதனை. எப்போது தொடங்கியது, எத்தனை மணிக்கு விழிக்கிறாய், சாப்பாடு ருசிக்கிறதா, குடிக்கிறாயா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றெல்லாம் கேட்பார்கள். கூட வந்தவரிடம் தனியாகவும் கேட்பார்கள். ரத்தப் பரிசோதனையும் எழுதுவார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 சத்து போதாவிட்டாலும் மனச்சோர்வு மாதிரியே காட்டும். தைராய்டு கூடினால் பதற்றம் மாதிரியே காட்டும். வயதானவர்களின் மனச்சோர்வு மறதி நோய் போல வேஷம் போடும். இத்தனையையும் பிரித்துப் பார்ப்பதற்காகத்தான் எம்.பி.பி.எஸ். முடித்த ஒருவர் அதற்கு மேலும் பல வருடம் மனநல மருத்துவம் படிக்கிறார். அவர் மருந்து எழுதுவார். உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சை தருவார். யாருக்கு எது வேண்டும், இரண்டும் வேண்டுமா என்பதை முதல் சந்திப்புகளில் முடிவு செய்வார்கள்.

மருத்துவர்கள் பயன்படுத்துகிற ஒன்பது கேள்வித் தாள் ஒன்று உண்டு. பிஎச்க்யூ-9 என்பார்கள். கடந்த இரண்டு வாரத்தை நினைத்து ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்ஜியத்திலிருந்து மூன்றுவரை மதிப்பெண் இட வேண்டும். மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி உயிரை விடுகிற எண்ணம் பற்றியது. அதில் ஒரு மதிப்பெண் விழுந்தாலும் மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே உதவி கேட்க வேண்டும். இந்தத் தாள் ஒரு வாசற்படி. உள்ளே போய்ப் பார்ப்பவர் மருத்துவர். செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு 'எனக்கு பைபோலார்' என்று நீயே தீர்ப்பு எழுதாதே. உன் மனைவிக்கோ மேலதிகாரிக்கோ எழுதவே எழுதாதே. நோயின் பெயர் வைத்தியத்துக்கான கருவி. சண்டையில் எறிகிற கல் இல்லை.

சட்டமும் இதையே சொல்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி ஒருவரின் ஏழ்மையை வைத்தோ, சாதி மதத்தை வைத்தோ, ஊரோடு ஒத்துப்போகாத வாழ்க்கையை வைத்தோ அவருக்கு மனநோய் என்று முடிவு கட்ட முடியாது. முன்பு ஒருமுறை மனநல மருத்துவமனையில் சேர்ந்திருந்தார் என்பதை மட்டும் வைத்து இன்றைக்கும் நோயாளி என்று சொல்ல முடியாது. சங்கிலியில் கட்டுவதற்குத் தடை. உடல் நோய்க்கு எப்படிக் காப்பீடு உண்டோ அப்படியே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதிச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை. நாடே உன் பக்கம் நின்று எழுதி வைத்த வரிகள் இவை. நீ ஏன் குற்றவாளியைப் போலப் பின்வாசல் வழியாக வருகிறாய்?

மாத்திரை பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. 'ஒருமுறை ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க விட முடியாது', 'அடிமையாக்கிவிடும்' என்று பயமுறுத்தியிருப்பார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் வழக்கமான மாத்திரைகள் போதைப் பழக்கம் ஏற்படுத்துபவை அல்ல. பழக்கமாகிவிடக் கூடியவை சில தூக்க மாத்திரைகளும் பதற்ற மாத்திரைகளும். வேடிக்கை என்னவென்றால், டாக்டரிடம் போகப் பயந்தவர்கள் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் கேட்டு வாங்குவது அவற்றைத்தான்! அதை இன்றோடு நிறுத்து, ஆனால் தினமும் போட்டுக்கொண்டிருந்தால் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறை. மனச்சோர்வு மாத்திரை வேலை காட்ட இரண்டிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். முதல் வாரம் குமட்டல் வரலாம், மனம் அப்படியே இருக்கலாம். 'வேலைக்காகல' என்று பத்தாம் நாள் தூக்கி எறிகிறார்களே, அங்கேதான் போர் தோற்கிறது. தேறிய பிறகும் பல மாதம் தொடர வேண்டும். நிறுத்துவதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். நோய் லேசாக இருந்தால் மருந்தில்லாமல் பேச்சுவழிச் சிகிச்சையே போதும் என்று அவரே சொல்லக்கூடும்.

தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்கள் நூறு பேரில் 10 அல்லது 11 பேருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநோய் இருந்தது. உன் தெருவில், உன் ஆபீசில், உன் வாட்ஸப் குழுவில் அவர்கள் இருக்கிறார்கள். நோயைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை உரிய சிகிச்சைக்கு வெளியே நிற்கிறார்கள் என்றும் அதே கணக்கெடுப்பு சொன்னது. நீ தனி ஆளில்லை. பெருங்கூட்டத்தில் ஒருவன், ஒருத்தி. அந்தக் கூட்டம் முழுவதும் 'நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்' என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. கையெடுத்துக் கேட்கிறேன். 'ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்' என்று சொல்லாதீர்கள். கல்யாணம் மருந்தில்லை. நோயை மறைத்து நடத்துகிற கல்யாணத்தில் இரண்டு குடும்பங்கள் உடைகின்றன. 'உனக்கென்ன குறை வெச்சோம்?' என்றும் கேட்காதீர்கள். குறை வைத்ததால் வந்த நோயில்லை இது. பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டால், தனக்குப் பிரியமானதையெல்லாம் எடுத்துக் கொடுக்கத் தொடங்கினால், 'நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி' என்ற மாதிரிப் பேசினால், பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதாப்பா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. உள்ளேயே வைத்துப் புழுங்கியவனுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். ஆமாம் என்றால் திட்டாதீர்கள், அழாதீர்கள், தனியே விடாதீர்கள். அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

உன்னிடம் திரும்பி வருகிறேன். தைரியம் என்றால் என்ன என்று இத்தனை வருடமாக மேடையில் தப்பாகச் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதை வீரம் என்றேன். முன்பின் தெரியாத ஒரு மருத்துவரின் எதிரில் உட்கார்ந்து, 'டாக்டர், என்னால முடியல' என்று மூன்று வார்த்தை சொல்வதற்கு அதைவிட எவ்வளவு வலிமை வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அந்த ஹார்டுவேர் கடைத் தம்பிக்கு அந்த வலிமை இருந்தது. எனக்குத்தான் அதைப் பார்க்கக் கண் இல்லை. தம்பி, இதை நீ வாசிக்க நேர்ந்தால், அன்று உன் தோளைத் தட்டியதற்கு என்னை மன்னித்துவிடு.

தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பார்ப்பதற்குக் கட்டணமில்லை, மாத்திரைக்கும் பணமில்லை. விடிந்ததும் புறப்படு. முடியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரைக் கூட அழைத்துக்கொள். எப்போதிலிருந்து தூக்கமில்லை, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போ. அங்கே போனதும் வாய் வராமல் போகலாம், காகிதம் பேசும். ஓபி சீட்டு எழுதுகிறவர் 'எங்கே பார்க்கணும்?' என்று கேட்பார். குரலைத் தாழ்த்தாமல் 'மனநலப் பிரிவு' என்று சொல்.

விடியும்வரை தாங்காது என்று தோன்றினால் 14416. டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். மணி மூன்றரையாக இருந்தாலும் எடுப்பார்கள். போனைக் கையில் எடு.